இலைத் தேநீரின் இன்சுவை

ஆவடியானாலும் அம்பத்தூரானாலும் பூவிருந்தவல்லியானாலும், நம் இல்லங்களில் தேநீர் என்றால் தேயிலைத்தூளைப் பாலும் சீனியும் சேர்த்துக் கொதிக்க வைத்ததே. இலையை முழுதாக ஊறவைத்துப் பாலின்றி அருந்தும் நாடு வியட்நாம். அந்நாடு நமக்கு அந்நியமன்று. சைகோன் நகரின் டோங் டூ வீதியில் 1935இல் பள்ளிவாசல் எழுப்பியவர்கள் தென்னிந்திய முஸ்லிம்களே!

வடபகுதியின் தாய் நுயென் மாகாணம் பச்சைத் தேயிலைக்குப் பெயர் பெற்றது. ஹனோயில் தாமரை மலரின் மணத்தை இலையில் ஏற்றிப் பக்குவப்படுத்துவர்.

செய்முறை எளிது. ஒரு குவளைக்கு ஒரு தேக்கரண்டி இலை போதும். கொதித்த நீரை இறக்கிச் சற்று ஆறவிடுங்கள். சூடு 80 பாகைக்குத் தணியட்டும். கொதிநீரை அப்படியே ஊற்றினால் இலை கசக்கும். ஒன்றரை நிமிடத்தில் வடித்துவிடுங்கள். அதே இலையை மீண்டும் இருமுறை பயன்படுத்தலாம். வியட்நாம் இலை கிடைக்காவிடில் நீலகிரிப் பச்சைத் தேயிலையே போதும்.

சகோதரிகளே, ஒன்றை மறவாதீர்கள்! எந்தத் தேநீரையும் உணவோடு அருந்தினால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடல் குறைவாகவே ஏற்கும். இரத்தசோகை உள்ளோரும் கர்ப்பிணிகளும் உண்டபின் ஒரு மணி நேரமாவது பொறுத்து அருந்துதல் நலம். நோன்பு திறக்கும் வேளைக்கும் இதே கணக்குத்தான்.