பிள்ளையின் மனதையும் விசாரிப்போம்

அன்பான ஊழியப் பங்காளர்களே,

நீங்கள் அனுப்புகிற காணிக்கை மருந்துக்கும் படுக்கைக்கும் செலவாகிறது என்பதை அறிவீர்கள். அதில் ஒரு பங்கு, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களின் பள்ளிகளில் ஆசிரியர்களையும் பெற்றோரையும் கூட்டி, பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றிப் பேசுவதற்கும் செலவாகிறது. "பேசுவதும் மருத்துவ ஊழியமா?" என்று சில அன்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகவே இந்த மடலை எழுதுகிறோம்.

வயிற்றுவலி பொய்யல்ல

இப்பள்ளிகளின் ஆசிரியர்கள் எங்களிடம் அடிக்கடி சொல்வது வயிற்றுவலியைப் பற்றித்தான். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் பிள்ளைக்கு வயிறு வலிக்கும், ஞாயிற்றுக்கிழமை வலிக்காது. மருத்துவர் பரிசோதித்தால் ஒரு குறையும் தெரியாது. உடனே "வேஷம் போடுகிறான்" என்று வீட்டில் அடி விழும்.

உண்மை வேறு. பயமும் துக்கமும் சரீரத்தில் வெளிப்படும். பயம் வரும்போது மூளையின் கட்டளையால் இருதயம் வேகமாய் அடிக்கிறது, குடலின் இயக்கம் மாறுகிறது, தசைகள் இறுகுகின்றன. ஆகையால் பிள்ளைக்கு மெய்யாகவே வலிக்கிறது. "எனக்குப் பயமாயிருக்கிறது" என்று சொல்லத் தெரியாத பிள்ளை, "வயிறு வலிக்கிறது" என்று சொல்லுகிறது. அவ்வளவுதான்.

இது எங்கோ ஒரு பிள்ளைக்கு வருகிற காரியமும் அல்ல. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் ஏதோவொரு மனநலக் குறைவு காணப்பட்டது. 40 பேர் உட்காரும் வகுப்பறையில் ஏறக்குறைய மூன்று பேர்! மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளாகவே துவங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லுகிறது. அந்த வயதில் பிள்ளை ஆஸ்பத்திரியில் இல்லை, பள்ளியில்தான் இருக்கிறது. ஆகவேதான் நாங்கள் பள்ளிக்குப் போகிறோம்.

இந்தக் கரையின் பாரம்

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. நம் நாட்டின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களில் கடல்நீர் வரத்துக் குறைந்து, மீனும் இறாலும் குறைகின்றன. வீட்டில் கடன் ஏறுகிறது. சில வீடுகளில் குடியும் ஏறுகிறது. தகப்பனார் இரவில் வலைக்குப் போகிறார். தாயார் விடியுமுன் கூடையோடு மீன் விற்கப் போகிறார். தம்பி தங்கைகளைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்பும் பொறுப்பு பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளையின் தலையில் விழுகிறது. அந்தப் பிள்ளை வகுப்பில் தூங்கினால் அதைச் சோம்பல் என்று எப்படிச் சொல்வது?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இக்கரையையும் தாக்கியது. அக்காலத்தில் தமிழகக் கடலோரப் பிள்ளைகள் பலர் அலைச்சத்தத்துக்கே நடுங்கினார்கள். இரவில் திடுக்கிட்டு எழுந்தார்கள். அப்போது எட்டு வயதாயிருந்தவர்கள் இன்று தாங்களே பெற்றோராகிவிட்டார்கள். அவர்களில் அநேகருக்குத் தங்கள் பயத்தைப் பற்றி ஒருவரிடமும் பேசும் வாய்ப்புக் கிடைத்ததில்லை. தன் மனதைப் பேசியறியாதவர் பிள்ளையின் மனதை விசாரிப்பது கடினம். பெற்றோர் கூட்டங்களில் நாங்கள் முதலில் பெற்றோரைப் பேசவிடுவது இதனால்தான்.

எவற்றைக் கவனிக்க வேண்டும்?

காற்றின் வாடையையும் நீரின் நிறத்தையும் பார்த்து மீன்பாட்டை அறிகிற மக்களுக்கு, பிள்ளையின் முகத்தை வாசிப்பது முடியாத காரியமல்ல. நாங்கள் சொல்லிக்கொடுப்பவை சில அடையாளங்களே. தூக்கமோ பசியோ மாறுவது. விளையாட்டையும் சிநேகிதரையும் விட்டு ஒதுங்குவது. மதிப்பெண் திடீரென்று சரிவது. முன்பு இல்லாத கோபமும் எரிச்சலும். நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது. "நான் இல்லாமல் போனால் நல்லது" என்று பேசுவது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலோ இரண்டு வாரம் காத்திருக்கலாகாது. அன்றே காட்ட வேண்டும்.

"சாக வேண்டும் என்று நினைக்கிறாயா?" என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அப்படியல்ல. அன்போடு நேராய்க் கேட்பது பிள்ளையின் பாரத்தை இறக்குகிறது என்பதே மனநல மருத்துவர்களின் அனுபவம்.

எழுத்துக்களை மாற்றி மாற்றி எழுதுகிற பிள்ளையை "மக்கு" என்கிறோம். அது கற்றல் குறைபாடாக இருக்கலாம், அறிவுக்குறைவு அல்ல. தனிப் பயிற்சியால் அந்தப் பிள்ளை முன்னேற முடியும். அதை அறியாமல் திட்டினால் எட்டாம் வகுப்போடு பையன் படகுக்குப் போவான். பெண்பிள்ளைக்குச் சீக்கிரமே கல்யாணப் பேச்சு எழும்பும். தேர்வு முடிவு வரும் மே மாதமும் கவனம் தேவைப்படும் காலம். தவறியவர்கள் ஓராண்டு வீணாகாமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே சொல்லி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பேயா, வியாதியா?

இக்கேள்வி எல்லாக் கூட்டங்களிலும் வருகிறது; நம் சபைகளிலும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். எந்த ஒரு மதத்தாரையும் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. நம் நடுவிலும் வியாதிப்பட்ட பிள்ளையை மாதக்கணக்காய் ஜெபத்துக்கு மட்டும் கூட்டிச் செல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஜெபியுங்கள், மருத்துவரிடமும் கொண்டுபோங்கள். ஒன்று மற்றொன்றுக்கு விரோதமல்ல. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்த எலியாவுக்கு ஆண்டவர் முதலாவது கொடுத்தது உறக்கமும் அப்பமும் தண்ணீரும் அல்லவா? கண்டனம் அல்ல.

குடும்பத்தாரின் பங்கும் பெரிது. 1957இல் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம், நோயாளியோடு உறவினரும் உடன்தங்கிப் பராமரிக்கும் முறையை நம் நாட்டில் முன்னின்று வளர்த்தது. பிள்ளையை ஒப்படைத்துவிட்டுப் போவதல்ல, கூட இருப்பதே சிகிச்சையின் பாதி.

உதவி எங்கே கிடைக்கும்?

ஆசிரியரும் பெற்றோரும் மருத்துவர் ஆக வேண்டியதில்லை. கவனிப்பதும், குறுக்கிடாமல் கேட்பதும், தக்க இடத்துக்கு அனுப்புவதும் அவர்கள் வேலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். பிள்ளைக்கு அடியோ வேறு கொடுமையோ நேர்ந்தால் 1098. இவ்விரண்டு எண்களையும் வகுப்பறைச் சுவரில் எழுதி வைக்கும்படி தலைமையாசிரியர்களைக் கேட்டு வருகிறோம்.

பிரியமானவர்களே, உங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள். இந்த வாரம் அவர்களில் அமைதியாய் ஒதுங்கியிருக்கும் ஒருவரிடம் உட்கார்ந்து, "எப்படி இருக்கிறாய்?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். இக்கரையில் உங்கள் காணிக்கை செய்கிற வேலையும் அதுவே.


மருத்துவமனைப் போதகரும் ஊழியர்களும்