லேசர்ச் சிகிச்சையின் பின் கண்ணைப் பேணல்

மூக்குக்கண்ணாடியின்றிப் பார்க்கவேண்டும் என்னும் அவா அதனை அணிவார் பலர்க்கும் உண்டு. அவ்வவாவை நிறைவேற்றும் வழியாக இன்று லேசர்ச் சத்திரசிகிச்சை வந்துள்ளது. ஒரு கண்ணுக்குச் சில நிமிடங்களே செல்லும். மறுநாட் காலையிலேயே பலர் சுவரிலுள்ள நாட்காட்டியைக் கண்ணாடியின்றி வாசித்துவிடுவர். இவ்விரைவே சிலரை மயங்கச் செய்கின்றது. பார்வை தெளிந்தமையாற் கண் குணமாகிவிட்டது என அவர் கருதுகின்றனர். பார்வை தெளிதல் வேறு. புண் ஆறுதல் வேறு. குறும்பார்வைக்கு இயல்பாயுள்ள இடர் நீங்குதல் வேறு. இம்மூன்றையும் பகுத்துணர்ந்தாலன்றிச் சிகிச்சையின் பின் கண்ணைப் பேணும் முறை விளங்காது.

விழியின் முன்புறத்திலே, கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல வளைந்து நிற்கும் தெளிந்த படலம் விழிவெண்படலம் எனப்படும். அதன் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. கண்ணின் ஒளிமுறிக்கும் வலுவில் மூன்றில் இரண்டு பங்கு இதற்கே உரியது; எஞ்சியது உள்ளிருக்கும் வில்லைக்குரியது. குறும்பார்வையுடையார்க்கு விழிக்கோளம் பெரும்பாலும் நீண்டிருத்தலால், ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிந்துவிடும். படலத்தின் வளைவைச் சற்றுத் தட்டையாக்கின், குவியம் பின்சென்று விழித்திரையிற் படியும். லாசிக் என்னும் முறையில், படலத்தின் மேற்பகுதி மெல்லிய மூடிபோல வெட்டப்பட்டு, ஒருபுறம் ஒட்டியிருக்கத் திறக்கப்படும். உள்ளிழையம் லேசராற் செதுக்கப்பட்டபின் மூடி மீண்டும் தன்னிடத்திற் படியவைக்கப்படும். தையல் இடுவதில்லை.

செதுக்குதற்கு உதவுவது 193 நனோமீற்றர் அலைநீளமுடைய ஊதாக்கடந்த ஒளியாகும். அவ்வொளி அயலிலுள்ள இழையத்தைக் கருக்காது, பட்ட இடத்தை மாத்திரம் நுண்ணிதின் அகற்றும் என்பதை 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் மூவர் கண்டனர். அவருள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்திற் பயின்ற ரங்கசாமி ஸ்ரீநிவாசன். மற்றையோர் ஜேம்ஸ் வின், சாமுவேல் புளும். பண்டிகை விருந்தில் எஞ்சிய வான்கோழியின் குருத்தெலும்பு அவர்தம் சோதனைக்குப் பொருளாயிற்று. இவ்வொளியை விழிவெண்படலத்திற் பயன்படுத்தலாம் எனக் கண் வைத்தியரான ஸ்டீபன் ட்ரோக்கல் 1983இல் எடுத்துக்காட்டினார்.

இனி, புண் ஆறுதலை நோக்குவாம். மூடியின் விளிம்பை மேலணியிழையம் ஒரு நாளளவில் மூடிவிடும். ஆயினும், படலத்தின் நடுவே குருதிக்குழாய்கள் இன்மையால், ஆழத்திலுள்ள வெட்டு மிக மெதுவாகவே பொருந்துகின்றது. பழைய உறுதியை அது முற்றாகப் பெறுவதுமில்லை. பல ஆண்டுகளின் பின்னும் பலத்த அடியினால் மூடி விலகியமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. கண்ணைக் கசக்கலாகாது என்னும் விதிக்குக் காரணம் இதுவே. உறக்கத்திற் கை அறியாது செல்லுமாதலின், முதற் சில இரவுகளிற் காப்புமூடி அணிதல் வேண்டும். முகங் கழுவும்போது நீர் கண்ணுட் புகலாகாது. கேணியிலும் கடலிலும் நீந்துதலைச் சில வாரங்களுக்கு ஒழிக்க. பந்தாட்டம் முதலியவற்றுக்கு வைத்தியரின் அனுமதி வேண்டும். திருநீறு தரிப்போர் துகள் இமையிற் சிந்தாதவாறு தரிப்பாராக.

தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு முதலியவற்றைக் கண்ணில் விடும் வழக்கம் நம்மூர்களில் உண்டு. வெட்டுண்ட கண்ணில் இவற்றை விடுதல் கிருமிகளை வலிந்தழைப்பதாகும். வைத்தியர் தந்த துளிமருந்தையே, கைகளைக் கழுவியபின், போத்தலின் நுனி இமையிற் படாதவாறு விடுதல் வேண்டும். அம்மருந்துகளுள் ஒன்று கிருமியைத் தடுப்பது. மற்றொன்று அழற்சியைத் தணிக்கும் ஸ்ரீறோயிட்டு. பின்னையது சிலர்க்கு விழியழுத்தத்தை உயர்த்துமாதலின், அதனைத் தாமாக நிறுத்துதலும் தாமாக நீட்டித்தலும் தவறு. கடும் நோவு, மிகுந்த சிவப்பு, பார்வை குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே வைத்தியரை நாடுக.

அடுத்தது, பார்வை தெளிதல். மூடியை வெட்டும்போது படலத்திலுள்ள நுண்ணிய நரம்புகளும் அறுபடுகின்றன. கண் உலர்ந்தது என்னும் செய்தியை மூளைக்கு அனுப்புவன அவையே. அவை மீண்டும் வளரும் வரையிற் கண்ணீர் குறைந்து, கண் உறுத்தும். பார்வை ஒருபோது தெளிந்தும் ஒருபோது மங்கியும் நிற்கும். பலர்க்கு இது சில மாதங்களில் தணியும், சிலர்க்கு நீடிக்கும். வாசிக்கும்போதும் கணினியை நோக்கும்போதும் நாம் இமைப்பது குறைவு. ஆதலின் இடையிடையே கண்ணை மூடி இளைப்பாற்றுதலும், வைத்தியர் கூறும் செயற்கைக் கண்ணீரை விடுதலும் நன்று. இரவில் விளக்குகளைச் சூழ ஒளிவட்டம் தோன்றுதலும் உண்டு. அது தணியுமளவும் இரவில் வாகனம் ஓட்டாதிருத்தல் தமக்கும் பிறர்க்கும் காப்பாகும்.

மூன்றாவதே பலராலும் மறக்கப்படுவது. லேசர் முன்படலத்தின் வளைவை மாற்றியதேயன்றி, நீண்ட விழிக்கோளத்தைக் குறுக்கியதில்லை. நீண்ட விழியில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். அது கிழியவும் பெயரவும் கூடும். மின்னல் போன்ற ஒளி, திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், ஒருபுறம் திரை விழுந்தாற்போன்ற நிழல் ஆகியவை அதன் அறிகுறிகள். கண்ணாடி நீங்கியதாற் கண் வைத்தியரிடம் செல்வதையும் நிறுத்தியவர் இவ்விடரை அறியாதே இருப்பர். விழியழுத்தத்தை அளக்கும் கருவியும், மெலிந்த படலத்தில் உண்மையிற் குறைந்த அளவையே காட்டும். அதனாற் குளுக்கோமா நோய் மறைந்திருத்தல் கூடும். முதுமையிற் கண்புரை நீக்கி வில்லை பொருத்துங்காலும், அதன் வலுவைக் கணித்தற்குச் சிகிச்சைக்கு முந்திய அளவுகள் பெரிதும் உதவும். நாற்பதின் மேல் வரும் வெள்ளெழுத்தையோ எனின், இச்சிகிச்சை தடுக்கமாட்டாது.

மாணவர்க்கு ஒரு சொல். பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு இச்சிகிச்சை பொதுவாகச் செய்யப்படுவதில்லை. கண்ணாடியின் வலு ஓராண்டாயினும் மாறாது நிற்றல் வேண்டும். அதுவரை கண்ணாடி அணிதல் குறையன்று. சிகிச்சை பெற்றவர் எவ்வைத்தியரிடம் செல்லினும் அதனைத் தாமே முன்வந்து கூறுக. ஆண்டுக்கொருமுறை கண்ணைக் காட்டுக. சிகிச்சைக்கு முந்திய அளவுகள் எழுதிய தாளைத் தம் பரீட்சைச் சான்றிதழ்களோடு வைத்துப் பேணுக.