ரைஃபிள் கட்டைக்கு நீர்க்கோலம்

குறி பார்த்துச் சுடும் விளையாட்டில் நாட்டங்கொண்ட பிள்ளைகள் உள்ள இல்லங்களில் இந்நாளில் ஒரு வழக்கு எழுந்து வருகிறது. வாதி பிள்ளை, பிரதிவாதி தகப்பனார். எறணாகுளத்துப் பட்டறைகளில் தலைக்கவசத்துக்கும் கார் உறுப்புகளுக்கும் புலிவரியும் மரவரியும் ஏற்றித் தருகிறார்களே, என் ஏர் ரைஃபிளின் கட்டைக்கும் அவ்வாறு செய்தால் என்ன என்பது வாதியின் கட்சி. இத்தனை பணம் கொட்டி வாங்கிய கருவியை எவரோ ஒருவர் தொட்டியில் முக்கி எடுப்பதா என்பது பிரதிவாதியின் கட்சி. இருவர் பக்கமும் நியாயம் இருக்கக் காண்கிறோம். பணம் கைமாறுவதற்கு முன்னர் இரு திறத்தாரும் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே எழுதத் துணிந்தோம்.

இவ்விளையாட்டு நமக்கு அயலானது என்று எவரும் எண்ண வேண்டா. 1999-ஆம் ஆண்டு கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், நம்மைப் போலவே ஊர் கடந்து குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் மகள். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் 2019-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். 2023-இல் அதே நகரில் மீண்டும் வென்றார். டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளிலும் பங்கு கொண்டார். கேரளத்திலும் 2015-ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டுத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவில் சுடுதளம் ஒன்று எழுந்தது. நம் பிள்ளைகளின் ஆசை வெறும் பகற்கனவு ஆகாது.

நீர்க்கோலம் என்று நாம் பெயரிட்ட இத்தொழிலை உலகம் ‘ஹைட்ரோ டிப்’ என்கிறது. ஜப்பானியரான மோதோயாசு நகானிஷி என்பார் இதற்கான இயந்திரத்துக்கு 1982-ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். எனினும் கருத்து மிகப் பழையது. மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகும் சுக்கும் விற்ற நம் முன்னோரின் கணக்குப் பேரேடுகளைப் பிரித்தால், உள்ளட்டையில் மயிற்கழுத்து நிறங்கள் சுழன்று ஓடுவதைச் சிலர் கண்டிருக்கலாம். நீர்மேல் சாயத்தை மிதக்கவிட்டுத் தாளை மெல்லப் படியவைத்து எடுக்கும் கலை அது. துருக்கியர் அதனை எப்ரு என்பர். நம் தக்காணத்து பீஜப்பூரில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இம்முறையில் சித்திரங்கள் எழுதினர்.

தாளுக்குச் செய்ததைக் கட்டைக்குச் செய்யும் முறையைக் கேளுங்கள். பாலிவினைல் ஆல்கஹால் என்னும் பொருளால் ஆன மெல்லிய படலம் ஒன்று உண்டு; கனம் சுமார் 30 முதல் 40 மைக்ரான். அதன்மேல் கோலம் அச்சிடப்பட்டிருக்கும். ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில் வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போடும் நம்மவருக்கு இதன் இயல்பை விளக்க வேண்டியதில்லை. காய்ந்தால் மொடமொடப்பு, நனைந்தால் குழைவு. சுமார் 30 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள நீரில் படலத்தை மிதக்கவிட்டால் ஒரு நிமிட அளவில் அது ஊறி இளகும். உடனே அதன்மேல் ஒரு கரைப்பான் மருந்தைத் தெளிப்பர். அச்சு மை உருகி, நீரின் முகத்தில் எண்ணெய்போல் பளபளக்கும். அந்தக் கணத்தில் கட்டையைச் சாய்வாகவும் சீராகவும் இறக்க வேண்டும். நீரின் அழுத்தம் கோலத்தை நாற்புறமும் மேவச் செய்கிறது. கை நடுங்கினால் கோடு கோணும். அவசரப்பட்டால் காற்றுக்குமிழி சிக்கி வெள்ளைப் பொட்டு விழும். எடுத்தபின் வழவழப்பைக் கழுவி, உலர்த்தி, மேலே நிறமற்ற காப்புப் பூச்சு அடிப்பர்.

இத்தனையும் கடைசி நாழிகை வேலைதான். உழைப்பில் பெரும்பகுதி அதற்கு முன்னர் உள்ளது. பழைய மெருகை உப்புத்தாளால் மங்கலாகத் தேய்த்து, கைப்பட்ட எண்ணெய்ப் பசையைப் போக்கி, மரத்தின் துளைகளை அடைக்கும் பிரைமர் பூசி, அதன்மேல் அடிநிறம் கொடுத்தாக வேண்டும். மரம் நீர் குடித்தால் பின்னர் பூச்சு உரிந்துவிடும். ஆகவே பட்டறைக்காரரிடம் என்ன கோலம் இருக்கிறது என்று கேட்பதற்கு முன், மரக்கட்டைக்கு என்ன பிரைமர் அடிக்கிறீர் என்று கேளுங்கள். பிளாஸ்டிக் உறுப்புகளையே செய்து பழகியவர் என்றால் பதிலிலேயே தெரிந்துவிடும்.

குறிசுடும் ரைஃபிளின் கட்டை, தலைக்கவசம் போன்றதன்று என்பதையும் பிள்ளைகள் உணர வேண்டும். பத்து மீட்டர் தொலைவிலுள்ள இலக்கில் பத்தாம் புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். கன்னம் ஒரே இடத்தில் சாய்வதும், உள்ளங்கை ஒரே வாகில் பற்றுவதும், தோள் ஒரே அளவில் ஏற்பதும் அந்தப் பொட்டுக்காகத்தான். பிடிக்குப் புட்டி வைத்தும், அரத்தால் சீவியும் விரலுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டே இருப்பர். வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்தில் அளவு மாறிப்போகும். கோலம் ஏற்றிய கட்டையில் ஒருமுறை அரம் பட்டால் அடிநிறம் பல்லிளிக்கும். ஆதலின் பயிற்சியாளர் அளவு முடிந்தது என்று சொல்லும்வரை நீர்க்கோலம் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

பிடியை அறவே விட்டுவிடுமாறும் சொல்வோம். கொச்சியின் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்ப்பது இயல்பு. பளபளக்கும் காப்புப் பூச்சில் அது வழுக்கும். வழுக்குகிறதே என்று சொரசொரப்பான பொருளை மேலே ஒட்டவும் இயலாது. முன்கட்டையிலும் பிடியிலும் கட்டையின் அடிப்பகுதியிலும் பிடிப்பை மிகுவிக்கும் பொருளைச் சேர்ப்பதைப் பன்னாட்டுச் சுடுதல் கூட்டமைப்பின் விதிகள் தடுக்கின்றன. கன்னத்தாங்கிக்கும் முன்கட்டைக்கும் மட்டும் மங்கல் மெருகோடு கோலம் ஏற்றினால் பிள்ளையின் ஆசையும் தீரும். உலோகக் குழலும் விசைப்பகுதியும் அமரும் பள்ளத்தில் ஒரு சொட்டுப் பூச்சும் இறங்கலாகாது. அங்கே கனம் ஏறினால் உலோகம் பழையபடி அமராது, குறியும் மாறும்.

நல்ல அக்ரோட்டு மரக்கட்டை வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள்: அதனை முக்காதீர்கள். ஆளி விதை எண்ணெயைத் துணியில் தோய்த்து மெல்லத் தேய்த்தால் வரும் அழகை எந்த அச்சும் தராது. மரத்தின்மேல் மரவரியை அச்சடித்துக்கொள்வோரும் உண்டு; அவர்கள் ரசனையைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

இனிச் சட்டம். துளை 4.5 மில்லிமீட்டருக்கும் விசை 20 ஜூலுக்கும் மேற்படாத ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டியதில்லை. .22 ரைஃபிளோ உரிமத்துக்கு உட்பட்டது. அதனைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தனி உரிமம் கோருகிறது. துப்பாக்கியின் எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் அச்சட்டத்தின்படி குற்றம். எவ்வகை ரைஃபிளாயினும் கட்டையைத் தெரிந்தவர் கையால் கழற்றி, அந்தக் கட்டையை மட்டுமே பட்டறைக்கு அனுப்புக. முழுத் துப்பாக்கியையும் கொண்டுவரச் சொல்லும் பட்டறையை விட்டு விலகுவதே நன்று.

காற்று உருளையைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கோலம் முழுமையாக இருக்கட்டும் என்று அதனையும் முக்கிவிடும்படி பிள்ளைகள் கேட்பதுண்டு. சுமார் 200 பார் அழுத்தம் தாங்கும் உருளை அது. அதன் ஆயுட்காலத்தைக் காட்டும் தேதி அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. போட்டிக்களத்தில் அதனைச் சோதிக்கவும் கூடும். அந்தத் தேதியை மறைப்பது ஆபத்தை மறைப்பதாகும்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். வண்ணம் ஏறிய கட்டை சிறு குழந்தைகளின் கண்ணுக்கு விளையாட்டுப் பொருளாகத் தோன்றும். ஏர் ரைஃபிளின் ஈயக்குண்டு கண்ணைக் கெடுக்க வல்லது. பூட்டிய பெட்டியும், தனியிடத்தில் சாவியும் முன்னைவிட இப்போது அவசியம்.

கொல்லைப்புறத்தில் ஒரு வாளி நீரை வைத்துக்கொண்டு தாமே செய்து பார்க்கலாம் என்று துணியும் இளைஞர்களும் இருக்கிறார்கள். படலம் மிதப்பது வேடிக்கைதான். கரைப்பானின் ஆவி வேடிக்கையன்று. இருபாகக் காப்புப் பூச்சுகளில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் புண்படுத்தும். மூக்கில் கைக்குட்டை கட்டுவது அதற்குப் போதாது. இதற்குரிய முகமூடியும் காற்றோட்டமும் உள்ள பட்டறைக்கே விட்டுவிடுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். இங்கத்தார் கர்க்கடகம் என்று சொல்லும் நம் ஆடியில், மட்டாஞ்சேரியில் சுவரே வியர்க்கும். படலம் ஈரத்தை உறிஞ்சிச் சுருளும். காப்புப் பூச்சு வெளுத்துப் பூக்கும். மழை ஓய்ந்து ஓணம் கழிந்தபின் கொடுப்பது நலம். திரும்பி வந்த கட்டை மறுநாளே தொடுவதற்கு உலர்ந்ததுபோல் இருக்கும். உள்ளே இறுகுவதற்கு ஒன்றிரண்டு வாரம் செல்லும். அதுவரை நுரைமெத்தை வைத்த பெட்டியில் அதனை அழுத்தி மூடாதீர்கள். மெத்தையின் தடம் அப்படியே பூச்சில் பதிந்துவிடும். பழைய வேட்டித் துண்டு ஒன்றை விரித்து, அலமாரியின் மேல் தட்டில் படுக்க வைத்தால் போதும்.