நோட்டீஸ் வந்ததும் மூட்டை கட்டாதீர்கள்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு ஒரு பயம் உண்டு. ஆபீசிலிருந்து ஒரு தாள் வந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே கை நடுங்கும். இது பரம்பரையாக வந்த பயம். 1950களிலும் 60களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் ஒன்றாகவே போனதை நம் பாட்டன் பாட்டிமார் கண்ணால் கண்டவர்கள். அந்த அவலத்தைத் தடுக்கத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

இன்று நம்மில் பலர் லயத்தில் இல்லை. தோட்டம் தாமான் ஆன பிறகு அங்கேயோ, பக்கத்துப் பட்டணத்திலோ சேவா வீட்டில் இருக்கிறோம். தோட்ட நிர்வாகம் போய் வீட்டுக்காரர் வந்திருக்கிறார். பயம் மட்டும் நம்மோடேயே வந்துவிட்டது. "அண்ணே, ஏழு நாள்ல காலி பண்ணுன்னு லெட்டர் குடுத்துட்டாரு. லாரிக்குச் சொல்லிடவா?" என்றுதான் சங்கத்துக்கு வந்து கேட்கிறார்கள்.

லாரிக்குச் சொல்ல வேண்டாம். முதலில் அந்த லெட்டரில் உள்ள தேதியைப் பாருங்கள்.

"எங்ககிட்ட அக்ரிமெண்டே கிடையாதே, எங்களுக்கு என்ன உரிமை?" என்று சிலர் கேட்கலாம். மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகை வாய்ப்பேச்சாக இருந்தாலும் செல்லும் என்று நாட்டின் நிலச் சட்டமே சொல்கிறது. மாதாமாதம் வாடகை கொடுத்து, அவரும் வாங்கிக்கொண்டு வந்தால் நீங்கள் மாத வாடகைக்காரர். வேறு ஏற்பாடு எதுவும் பேசிக்கொள்ளாதபோது, மாத வாடகைக்காரரை எழுப்புவதற்கு முழுதாக ஒரு மாத நோட்டீஸ் வேண்டும். அந்த மாதம் வாடகை மாதத்தோடு சேர்ந்து முடிய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வாடகை மாதம் 1ஆம் தேதி தொடங்குகிறது. வீட்டுக்காரர் ஜூன் 20ஆம் தேதி நோட்டீஸ் கொடுக்கிறார். "ஜூன் 27க்குள் போய்விடு" என்று எழுதியிருந்தால் அது செல்லாது. "ஜூலை 20க்குள் போய்விடு" என்றால் பார்வைக்கு ஒரு மாதம் போலத் தெரியும். ஆனால் வாடகை மாதத்தின் நடுவில் முடிவதால் அதிலும் குறை உண்டு. ஜூலை 31 என்று எழுதியிருந்தால்தான் சரியான கணக்கு.

எழுத்தில் அக்ரிமெண்ட் இருந்தால் அதில் உள்ளபடிதான் நடக்க வேண்டும். இரண்டு வருசத்துக்கு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, "என் மகனுக்குக் கல்யாணம், வீடு வேணும்" என்று நடுவில் எழுப்ப முடியாது. அதற்கு அக்ரிமெண்டிலேயே இடம் வைத்திருக்க வேண்டும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் ஒருவரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகள் படித்தவர்கள்தானே, அவர்களிடம் கொடுங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நோட்டீஸ் சரியாகவே இருந்தாலும், வாடகைக்காலம் முடிந்தே போயிருந்தாலும், முறையாகக் குடியேறி இன்னும் உள்ளே இருப்பவரை வீட்டுக்காரர் தானாக வெளியே தள்ள முடியாது. ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் 1950ஆம் ஆண்டுச் சட்டம், 7ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், கோர்ட் வழியாக அல்லாமல் வீட்டை மீட்கக் கூடாது என்று சொல்கிறது. பூட்டை மாற்றுவது, கரண்டை வெட்டுவது, தண்ணீரை அடைப்பது, சாமானைத் தூக்கி ஐந்தடியில் போடுவது, ஆள் வைத்து மிரட்டுவது எல்லாம் சட்டம் காட்டும் வழி அல்ல. வாடகை பாக்கி என்று ஐஸ்பெட்டியையும் டிவியையும் அவரே தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அதற்கும் கோர்ட்டில் வாரண்டு வாங்கி, கோர்ட் ஆள்தான் வர வேண்டும்.

அப்படி யாராவது பூட்டிவிட்டால் கைகலப்பில் இறங்காதீர்கள். படம் எடுத்து வையுங்கள். அன்றைக்கே போலீசில் ரிப்போர்ட் செய்யுங்கள். "இது சிவில் விவகாரம்" என்று போலீஸ் சொன்னாலும் ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்குங்கள். சம்மதம் இல்லாமல், சட்ட முறைப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெற அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு வழி காட்டுகிறது.

உரிமையைப் பேசும்போது நம் கடமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோட்டீஸ் செல்லாது என்பதற்காக வாடகையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் அவர் கையில் நாமே ஆயுதத்தைக் கொடுத்ததாகும். அவர் வாங்க மறுத்தால் பேங்க் வழியாகப் போட்டு ரசீதை வையுங்கள். நோட்டீசில் என்ன குறை என்பதை நாலு வரியில் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் பதில் அனுப்புங்கள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். செல்லாத நோட்டீஸ் கொடுத்தவர் நாளைக்கே செல்லும் நோட்டீஸ் கொடுக்கலாம். அது முடிந்த பிறகும் வீட்டை விடாமல் இருந்தால், 1956ஆம் ஆண்டு சிவில் சட்டப்படி இரட்டை வாடகை கேட்க அவருக்கு உரிமை உண்டு. 800 வெள்ளி வீட்டுக்கு 1,600 வெள்ளி கட்ட நம்மால் முடியுமா? ஆகவே கிடைக்கும் அவகாசத்தில் வேறு வீடு தேடுங்கள்.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் ஒளியக் கூடாது. ரிட் சம்மன் கையில் கிடைத்தால், தீபகற்பத்தில் 14 நாளுக்குள் ஆஜராவதாகப் பதிவு செய்ய வேண்டும். சும்மா இருந்தால் நம் பக்கத்தைக் கேட்காமலேயே தீர்ப்பாகிவிடும். பிறகு செல்லாத நோட்டீசைக் காட்டி அழுது பயனில்லை.

இன்னும் தோட்ட வீட்டில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அது வேலைக்காகக் கொடுத்த வீடு. வேலை போனால் வீட்டில் இருக்கும் அனுமதியும் போனது என்று நிர்வாகம் வாதிடும். ஆகவே வீட்டு நோட்டீசுக்கு முன்னால் வேலை நோட்டீசைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறு கெடு எழுதாதபோது, 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருசத்துக்கும் குறைந்த சர்வீசுக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 6 வாரம், ஐந்தும் அதற்கு மேலும் 8 வாரம் நோட்டீஸ் வேண்டும்.

ஆட்குறைப்பு என்றால் 1980ஆம் ஆண்டு விதிப்படி உதவித்தொகையும் உண்டு. சர்வீஸ் ஒரு வருசம் நிறைந்திருக்க வேண்டும். இரண்டு வருசத்துக்குள் என்றால் வருசத்துக்கு 10 நாள் சம்பளம், ஐந்துக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். வேலை முடிந்த 7 நாளுக்குள் அதைக் கொடுத்தாக வேண்டும். "வீட்டுச் சாவியைக் குடு, அப்பறம் செக்கு" என்று கிராணி சொன்னால், எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். படிக்கத் தெரியாத தாளில் மட்டும் கைநாட்டோ கையெழுத்தோ வைக்காதீர்கள். வைத்த பிறகு வந்து சொன்னால் சங்கத்துக்கும் கை கட்டிப் போகிறது.

சேவா வீடானாலும் தோட்ட வீடானாலும், தாள் கையில் கிடைத்த அந்த வாரமே புறப்பட்டு வாருங்கள். தோட்ட விவகாரத்துக்குச் சங்கம் இருக்கிறது. வாடகை வழக்குக்கு வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் கேட்கலாம். வரும்போது நோட்டீஸ், அது வந்த கவர், அக்ரிமெண்ட், வாடகை ரசீதுகள், சம்பளச் சீட்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அதே லயத்தில் நாலு வீட்டுக்கு நோட்டீஸ் வந்திருந்தால் நாலு பேரும் சேர்ந்தே வாருங்கள்.