வேதனையைத் தணித்தலும் வைத்தியமே

நோய் தீர்ப்பது வைத்தியர் கடமை என்பதை யாவரும் ஒப்புவர். ஆயினும், நோய் தீர்க்கும் முயற்சியிலே தாம் உண்டாக்கும் நோவைத் தணிப்பதும் அவர் கடமையே என்பதை உலகம் ஒப்புவதற்கு நெடுங்காலம் சென்றது. 1847-ம் ஆண்டில், எடின்பரோ நகரத்து வைத்தியர் ஜேம்ஸ் யங் ஸிம்ப்ஸன் பிரசவ வேதனையை மாற்ற முதலில் ஈதரையும் பின்னர்க் குளோரோபாரத்தையும் கையாண்டபோது, அவ்வேதனை இயற்கையென்றும், அதனை நீக்குதல் தகாதென்றும் மறுத்துரைத்தோர் உண்டு. 1853-ல் விக்டோரியா மகாராணியார் தமது எட்டாம் பிரசவத்தில், ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் கையால் குளோரோபாரம் ஏற்றனர். அதன்பின் அம்மறுப்புப் பெரிதும் தளர்ந்தது.

பிரசவ அறையிலே இங்ஙனம் வென்ற கொள்கை, வைத்தியரின் பரிசோதனை அறைக்குள் இன்னும் முற்றும் நுழைந்திலது. ‘காப்பர்-டி’ போன்ற கருத்தடைச் சாதனத்தைக் கருப்பையுள் வைத்தல், அதன் உட்படலத்திலிருந்து சிறு துணுக்கெடுத்துச் சோதித்தல், மெல்லிய குழாய்க் கருவியால் உள்ளே நோக்குதல் ஆகிய இவை, மயக்கம் கொடாமல் சில நிமிஷங்களிலே செய்யப்படுவன. “சிறிது வலிக்கும், பொறுத்துக்கொள்ளம்மா” என்னும் சொல்லே பலர் பெறும் மருந்து. சிலருக்கு அவ்வலி அற்பமே; வேறு சிலருக்கோ மயங்கி விழுமளவு கொடியது.

கருப்பையின் வாய் உணர்ச்சியற்றது என்னும் எண்ணம் நெடுநாள் நிலவியது. அது பிழை. வாய்ப்புறத்து நோவை முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புகளும், மேற்பகுதி நோவை அவற்றிற்கு மேலுள்ள நரம்புகளும் கொண்டுசெல்கின்றன. ஆதலால் இடுக்கி வாயைக் கவ்வும்போது ஒருவகை நோவும், கருவி உட்சென்று தசை சுருங்கும்போது மற்றொருவகை நோவும் எழுகின்றன. ஒரே மருந்து இரண்டையும் முற்றும் மாற்றாமைக்கு இது ஒரு காரணம்.

இனி, உபாயங்களை நோக்குவோம். லிடோகெயின் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கருப்பை வாயைச் சுற்றி ஊசியால் செலுத்தலாம். களிம்பாகவோ தெளிப்பாகவோ இடலாம். ஊசியும் சிறிது வலிக்கும்; ஆயினும் பின்வரும் பெருவலியைக் குறைக்கவல்லது. ஐபுபுரூபன் மாத்திரை, சாதனம் வைக்கும் கணத்து வலியைக் குறைப்பதாகத் தெரியவில்லை. நாப்ராக்ஸன் பின்னர் வரும் இழுப்பு வலிக்கு உதவும். வாயை இளக்கும் மிஸோபுரோஸ்டால், தானே வயிற்று வலி தரக்கூடியதாதலின், சாதனம் வைக்கும் எல்லார்க்கும் வழக்கமாகக் கொடுக்கத் தக்கதன்று. குழாய்க் கருவியால் நோக்கும்போது, யோனியை விரிக்கும் கருவியும் கவ்வும் இடுக்கியுமின்றி, நீரோட்டத்தின் துணையால் மெல்லிய கருவியைச் செலுத்தும் முறை வலியைக் குறைக்கின்றது. இவை போதாதார்க்கு அரைமயக்கமோ முழுமயக்கமோ கொடுத்துச் செய்வதும் உண்டு.

இத்தனை உபாயங்கள் இருந்தும் அவை கையாளப்படாதது ஏன்? நோயாளி உணரும் வலியை வைத்தியர் குறைவாகவே மதிப்பிடுகின்றனர் என்பதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. மேலும், லிடோகெயின் வேலைசெய்யச் சில நிமிஷங்கள் காத்திருத்தல் வேண்டும்; கூட்டம் மிகுந்த வைத்தியசாலையில் மருந்தினும் அரிதாயிருப்பது அந்நேரமே. அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2024-ல் வெளியிட்ட குறிப்பு, சாதனம் வைக்குமுன் வலியைப் பற்றி ஒவ்வொருவரோடும் பேசவேண்டுமென்றும், லிடோகெயின் பயன்படக்கூடுமென்றும் கூறுகின்றது. அந்நாட்டு மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவர் கல்லூரியும் 2025-ல் இதையொத்த அறிவுரை தந்துள்ளது.

இது வெறும் சௌகரியத்தைப் பற்றிய பேச்சன்று. ஒருமுறை வேதனையுற்று, அதனைச் சொல்லியும் கேட்பாரற்றுத் திரும்பிய பெண், மறுமுறை இரத்தப்போக்குக் கண்டாலும் அவ்வறைக்கு வர அஞ்சுவாள். துணுக்கெடுத்துச் சோதித்திருந்தால் தொடக்கத்திலே தெரிந்திருக்கும் புற்றுநோய், அவ்வச்சத்தின் மறைவிலே வளரும்.

இதனை வாசிப்போருள் வைத்தியராவோர் சிலரே. அவ்வறைக்குத் தாமே செல்வோரும், தாயையோ தமக்கையையோ மனைவியையோ அழைத்துச் செல்வோரும் பலர். இவ்வளவு வலிக்குமா, அதற்கு என்ன மருந்துண்டு, நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா என்னும் மூன்று கேள்விகளை முன்னரே கேட்க யாரும் நாணவேண்டுவதில்லை. வைத்தியராகப்போகும் மாணவரோ, அவை கேட்கப்படுமுன்னரே விடை கூறுவாராக.