விலைக்கு வந்தவை – 14: இரண்டு ஃபிரிட்ஜ், இரண்டு புகாட்டி

என்ஸோ ஃபெராரி 1988 ஆகஸ்டில் கண்ணை மூடியதும், அவர் பெயர் தாங்கிய கார்களின் விலை தலைதெறிக்க ஓடியதும் போன வாரக் கதை. எஃப்40 கைக்கு வருவதற்கு முன்பே அதன் முன்பதிவுச் சீட்டு கைமாறியதையும் அங்கேயே சொல்லியாயிற்று. மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடிக்கவும்.

இந்த வாரம் ஜாகுவார் எக்ஸ்ஜே220 வழக்கு என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த விலைக் காய்ச்சல் எந்தக் காரில் சூடு பிடித்தது என்று ஒரு வரி சேர்த்துவிட்டு மேலே போகலாம் என்று பின்னால் போனதில், இரண்டு ஃபிரிட்ஜ் குறுக்கே வந்து நின்றுவிட்டன. பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களை மட்டும் விட்டுவிடுவேனா?

1950-ஆம் வருடக் கோடை. பிரான்ஸில் எர்மனோன்வில் என்ற ஊரில் புகாட்டி குடும்பத்துக்கு ஒரு வீடு. போர் நடந்த காலத்தில் ஜெர்மன் ராணுவத்தின் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று மூன்று கார்களை அங்கே நிறுத்தி, முன்னால் செங்கல் சுவர் எழுப்பி மறைத்து வைத்திருந்தார்கள். மூன்றும் புகாட்டி ராயல். போர் முடிந்தது, சுவரை இடித்தார்கள். ஆனால் ஓட்டத்தான் ஆளில்லை. பட்டத்து இளவரசனாக வளர்ந்த மகன் ழான், 1939-ல் பந்தயக் கார் ஒன்றை ஓட்டிப் பார்க்கும்போது மரத்தில் மோதி இறந்துவிட்டார். அப்பா எட்டோரே புகாட்டி 1947-ல் போய்ச் சேர்ந்தார். மகள் லெபேயின் பொறுப்பில் இருந்தது நொடித்துக்கொண்டிருந்த ஒரு தொழிற்சாலையும், யாருக்கும் வேண்டாத இந்தப் பெரிய வண்டிகளும்.

அந்த நேரம் பார்த்து அமெரிக்காவிலிருந்து வந்தார் பிரிக்ஸ் கன்னிங்ஹாம். பணக்கார வீட்டுப் பிள்ளை. கார் பைத்தியம். அந்த வருடம்தான் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு இரண்டு காடிலாக் கார்களைக் கொண்டுபோய் ஓட்டியிருந்தார். அதில் ஒன்றின் உடல் இருந்த லட்சணத்தைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'ராட்சசன்' என்றே பெயர் வைத்தார்கள். பத்தாவதாகவும் பதினொன்றாவதாகவும் வந்தன. கேலி செய்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மனிதர் பிற்பாடு பாய்மரப் படகில் அமெரிக்கா கோப்பையையும் ஜெயித்தவர் என்பது தனிக் கதை, அதற்குள் போக மாட்டேன்.

கன்னிங்ஹாம் இரண்டு ராயல்களை வாங்கினார். கொடுத்தது 2 லட்சம் பிராங்க். போருக்குப் பின் பிராங்க் இருந்த நிலையில் அது 571 டாலர். அதோடு ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் புத்தம் புது ஃபிரிட்ஜ் இரண்டு.

ஃபிரிட்ஜ் எதற்கு? போர் முடிந்து ஐந்து வருடம் ஆகியும் அன்றைய பிரான்ஸில் அது கிடைக்காது. காசு வைத்திருந்தாலும் கிடைக்காது. லெபே ஏமாந்துவிட்டார் என்று சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓடாத காரைவிட ஓடுகிற ஃபிரிட்ஜ் மேல். 1950-ல் எர்மனோன்வில் வீட்டு வாசலில் நின்று யோசித்தால் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அப்படி என்ன கார் அது? எட்டோரே புகாட்டி ராஜாக்களுக்கென்று திட்டமிட்டது. 12.7 லிட்டர் கொள்ளளவு கொண்ட எட்டு சிலிண்டர் எஞ்சின். எடை மூன்று டன்னுக்கு மேல். ஆறு மீட்டரைத் தாண்டும் நீளத்தில் பானெட்டுக்கே பெரும்பங்கு. ஓட்டுநர் எங்கோ பின்னால் உட்கார்ந்திருப்பார். ரேடியேட்டர் மூடியின் மேல் பின்னங்காலில் எழுந்து துதிக்கையைத் தூக்கி நிற்கும் ஒரு வெள்ளி யானை. எட்டோரேயின் தம்பி, சிற்பி ரெம்ப்ராண்ட் புகாட்டி செய்த உருவம் அது. தம்பி முதல் உலகப் போர்க் காலத்திலேயே தற்கொலை செய்துகொண்டவர். அண்ணன் தன்னுடைய ஆகப் பெரிய காரின் நெற்றியில் அவரை உட்கார்த்திவைத்தார்.

திட்டம் 25 கார். பொருளாதாரப் பெருமந்தம் வந்து சேர்ந்தது. முழுதாக மிஞ்சியவை ஆறு. அவற்றில் வெளியாள் காசு கொடுத்து வாங்கியவை மூன்றே மூன்று. ஒரு ராஜாகூட வாங்கவில்லை. வாங்கியவர்களில் ஒருவர் அர்மான் எஸ்தேர் என்ற பிரெஞ்சுத் துணி வியாபாரி. 'ராத்திரியில் நான் வண்டி ஓட்டுவதில்லை' என்று சொல்லி ஹெட்லைட்டே இல்லாமல் செய்துகொண்டார். இன்னொன்று ஒரு ஜெர்மானிய மருத்துவரோடு ஊர் ஊராக அலைந்து நியூயார்க்குக்குப் போய், குளிரில் தண்ணீர் உறைந்து எஞ்சின் வெடித்து, கடைசியில் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. 1940-களில் ஜெனரல் மோட்டார்ஸ் பொறியாளர் ஒருவர் அதை 400 டாலருக்கு மீட்டார். இன்று ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விற்காமல் தேங்கிய எஞ்சின்களை என்ன செய்தார்கள் தெரியுமா? ரயிலில் மாட்டினார்கள். பிரெஞ்சு ரயில்வேக்கு புகாட்டி செய்து கொடுத்த வேக ரயில் பெட்டிகளில் ராயல் எஞ்சின்தான் ஓடியது. கம்பெனியைக் காப்பாற்றியதும் அதுதான். மகாராஜாவுக்கு வைத்திருந்த எஞ்சினில் டிக்கெட் எடுத்தவன் எல்லாம் போனான். எனக்கு இந்தத் தொடரிலேயே பிடித்த இடம் இது.

சரி, 1987-க்கு வருவோம். அக்டோபர் 19 அன்று நியூயார்க்கில் டௌ ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. கன்னிங்ஹாம் கையில் மிச்சமிருந்த ராயலை, கெல்னர் கம்பெனி உடல் கட்டிய கூபே அது, கிறிஸ்டீஸ் நிறுவனம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஏலம் விட்டது நவம்பர் 17 அன்று. இடையில் நாலே வாரம். கச்சேரி நடக்கிற அரங்கத்தில் காரை நிறுத்தி ஏலம். படுத்துவிடும் என்று நினைப்பதுதான் நியாயம். போன விலை 55 லட்சம் பவுண்டு, ஏறக்குறைய ஒரு கோடி டாலர். அதுவரை எந்தக் காரும் ஏலத்தில் பார்க்காத தொகை.

பங்கில் கை சுட்டவர்கள் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சரக்கைத் தேடினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். பாதி உண்மை. மீதிப் பாதி வட்டி. சந்தை விழுந்ததும் மத்திய வங்கிகள் பயந்துபோய்ப் பணத்தைத் தாராளமாக விட்டன. ஜப்பானில் மத்திய வங்கியின் வட்டி விகிதம் 1987 பிப்ரவரியிலிருந்து 1989 மே வரை 2.5 சதவீதத்தில் கிடந்தது. டோக்கியோவில் துண்டு நிலம் வைத்திருந்தவர் அதை அடமானம் வைத்து எதையும் வாங்கலாம் என்ற நிலை. வாங்கவும் செய்தார்கள். வான்கோவின் மருத்துவர் ஓவியத்தை 8.25 கோடி டாலருக்கு எடுத்துப் போனவரை மூன்றாம் அத்தியாயத்தில் பார்த்தோமே, அதே கூட்டம்தான்.

ஆல்பர்ட் ஹாலில் ராயலை எடுத்தவர் ஹான்ஸ் துலின், ஸ்வீடன் நாட்டு ரியல் எஸ்டேட் புள்ளி. 1989-ல் அதை அமெரிக்காவில் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். 1.15 கோடி டாலர் வரை கேட்டார்கள். கட்டாது என்று திருப்பிக்கொண்டு போனார். அடுத்த வருடம் மெய்டெக் என்ற ஜப்பானியக் கம்பெனி அதை வாங்கியது. 1.57 கோடி டாலர் என்று சொல்கிறார்கள். பொறியாளர்களைப் பிற கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்பும் நிறுவனம் அது. கார் வியாபாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாங்கிய கையோடு தன் கட்டடத்தின் அடித்தளத்தில் இறக்கி வைத்தது. பத்து வருடம் அங்கேயே இருந்தது. போர்க்காலத்துச் செங்கல் சுவருக்குப் பிறகு ராயலுக்கு வாய்த்த இரண்டாவது அஞ்ஞாதவாசம்.

கன்னிங்ஹாம் வாங்கிய இன்னொரு ராயல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவர் அதைச் சீக்கிரமே விற்றுவிட்டார். பல கை மாறி 1986-ல் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போய், கொஞ்ச நாளிலேயே 81 லட்சத்துக்கு டாம் மொனகன் கையில் விழுந்தது. டாமினோஸ் பீட்சாவைத் தொடங்கியவர். 1960-ல் தம்பி ஜேம்ஸோடு சேர்ந்து மிச்சிகனில் ஒரு பீட்சா கடையைப் பிடித்தார். ஒரு வருடத்துக்குள் தம்பிக்கு அலுத்துவிட்டது. தன் பாதிப் பங்கை அண்ணனிடம் கொடுத்துவிட்டு, பதிலுக்கு பீட்சா கொண்டுபோகிற பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார். ஒருவர் ஃபிரிட்ஜுக்கு ராயலைக் கொடுக்கிறார். இன்னொருவர் பீட்டிலுக்கு டாமினோஸையே கொடுக்கிறார். மொனகனின் முடிவும் சுவாரசியம். சி.எஸ். லூயிஸின் புத்தகத்தில் கர்வத்தைப் பற்றிய அத்தியாயத்தைப் படித்து மனம் மாறி, கட்டிக்கொண்டிருந்த மாளிகையைப் பாதியில் நிறுத்தினார். ஆடம்பரம் வேண்டாம் என்று 1991-ல் ராயலையும் விற்றார். அதற்குள் சந்தையும் மனம் மாறியிருந்தது.

டோக்கியோவின் நிக்கேய் குறியீடு 38,915 என்ற உச்சியைத் தொட்டது 1989 டிசம்பர் 29 அன்று. 1990 ஆகஸ்டில் ஜப்பான் மத்திய வங்கியின் வட்டி 6 சதவீதம். அதோடு கதை முடிந்தது. ஃபெராரி 250 ஜிடிஓவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1962 முதல் 1964 வரை செய்த 36 கார்கள். அமெரிக்காவில் புதிதாக 18,000 டாலர். 1989-ல் ஜப்பானுக்குப் போன ஒன்று 1.3 கோடி டாலரைத் தாண்டியது. 90-களின் நடுவில் அதே ரகம் 30 லட்சம் டாலர் சொச்சத்துக்குக் கிடைத்தது. காரில் ஒரு திருகாணிகூடக் குறையவில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த 36-ல் ஒன்றை 1964-ல் டெக்சாஸ் மாநிலம் விக்டோரியா நகரின் உயர்நிலைப் பள்ளிக்கு தானமாகக் கொடுத்தார்கள். மெக்கானிக் வகுப்புப் பிள்ளைகள் பிரித்து மாட்டிப் பழகுவதற்கு! 1972-ல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹாயோவுக்குக் கொண்டுபோய், டிரெய்லர் மேல் ஏற்றியபடியே வெட்டவெளியில் வருடக்கணக்கில் போட்டுவைத்தார். மழையும் பனியும் தின்றன. 1988 வாக்கில், விலை எகிறிய பிறகுதான், ஒரு சுவிட்சர்லாந்துக்காரர் வந்து எடுத்துப்போனார்.

என் கட்சி இதுதான்: ஏறுவது கார் விலை அல்ல, கடனின் அளவு. நம் ஊரில் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்டு, பத்திரம் பதிவதற்குள் அதே அக்ரிமென்ட்டை இன்னொருவர் தலையில் கட்டுவார்களே, எஃப்40-ல் நடந்ததும் அதேதான். கடைசியாக அக்ரிமென்ட் வைத்திருந்தவர் மாட்டிக்கொண்டார். அதற்கு ஃபெராரியும் ஒரு கை கொடுத்தது. 400 கார்தான் என்ற பேச்சில் தொடங்கி 1,300-க்கும் மேல் செய்து தள்ளியது. அதில் பாடம் படித்தோ என்னவோ, 1995-ல் எஃப்50 வந்தபோது 349-தான் செய்வோம், சந்தை கேட்பதைவிட ஒன்று குறைவாக, என்று அறிவித்தது.

2008-க்குப் பிறகும் இதே படம்தான், பிரிண்ட் மட்டும் புதிது. மேற்கு நாடுகளில் வட்டி பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த வருடங்களில் ஜிடிஓ மறுபடி கிளம்பியது. 2018 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் மான்டெரே ஏலத்தில் ஒன்று 4.84 கோடி டாலர். 2022 மே 5 அன்று ஸ்டுட்கார்ட்டில் மெர்சிடிஸ் நிறுவனம் தன்னிடமிருந்த 1955-ஆம் வருட 300 எஸ்எல்ஆர் கூபே இரண்டில் ஒன்றை 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. எந்தக் காரும் இதுவரை அந்தத் தொகையை எட்டவில்லை. அதை முழுதாக எழுத ஒரு வாரம் வேண்டும். ஆசிரியர் கொடுத்த பக்கமோ முடியப்போகிறது.

ஆக, ஜாகுவார் அடுத்த வாரம். இந்த முறை தள்ளிப்போகாது. 1988-ல் பர்மிங்ஹாம் கண்காட்சியில் 12 சிலிண்டர், நாலு சக்கரத்துக்கும் விசை என்று காட்டிவிட்டு, 6 சிலிண்டர், இரண்டு சக்கரத்தோடு கொடுத்த கார் அது. ஆளுக்கு 50,000 பவுண்டு முன்பணம் கட்டியிருந்தவர்கள், விலை சரிந்ததும் 'இது நாங்கள் கேட்ட கார் இல்லை' என்று கோர்ட் படியேறினார்கள். 12 சிலிண்டர் இல்லாதது அவர்களுக்கு எப்போது உறுத்தத் தொடங்கியது, சந்தை ஏறும்போதா இறங்கும்போதா என்பதை அடுத்த இதழில் தேதி வாரியாகப் பார்ப்போம்.

(தொடரும்)