எட்டிப் பார்க்காமலே அறியும் பெட்டி

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்ப் போர் போடுகின்றன. அவற்றின் சொந்த மண்ணான சேலம், நாமக்கல் சமவெளியிலும் எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று இறங்கிய ஆழ்துளைக் கிணறுகள் ஏராளம். அந்தக் குறுகலான துளைக்குள், வெளிச்சமே எட்டாத ஆழத்தில், மோட்டார் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கிறது. கோடையில் ஊற்று குறைந்து, தண்ணீர் பம்பின் உறிஞ்சுவாய்க்குக் கீழே இறங்கினால் மோட்டார் வெறுமனே சுற்றும். அதன் சூட்டைத் தணிப்பதே அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். அது இல்லையென்றால் காயில் கருகிவிடும். அப்படி நேராமல், தண்ணீர் நின்ற சிறிது நேரத்திலேயே மோட்டாரை நிறுத்திவிடுகிறது, சுவரில் மாட்டியிருக்கும் ஒரு சின்னப் பெட்டி. கிணற்றுக்குள் அது எந்தக் கருவியையும் இறக்கவில்லை. பிறகு எப்படி அதற்குத் தெரிகிறது?

விடை மோட்டாருக்குப் போகும் ஒயரில் இருக்கிறது. தண்ணீரை மேலே தள்ளும்போது மோட்டார் பாரம் இழுக்கிறது. பாரத்துக்கு ஏற்ப மின்னோட்டம் வாங்குகிறது. தண்ணீர் நின்றதும் பாரம் போய்விடுகிறது, மின்னோட்டமும் குறைகிறது. ஒயரில் ஓடும் மாறுமின்னோட்டம் தன்னைச் சுற்றி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். ஒயரைச் சுற்றி மாட்டிய சிறு கம்பிச்சுருள் அந்தப் புலத்தை அளந்துகொண்டே இருக்கும். அளவு கீழ்வரம்பைவிடக் குறைந்தால் ‘தண்ணீர் இல்லை’ என்று பொருள். மேல்வரம்பைத் தாண்டினால் பம்பு சிக்கிக்கொண்டது, அல்லது வோல்டேஜ் குறைந்து மோட்டார் திணறுகிறது என்று பொருள். ஒரே ஓர் அளவை வைத்து ஆயிரம் அடி ஆழத்தில் நடப்பதைத் தரையிலிருந்தே படித்துவிடலாம்.

‘ஸ்மார்ட் ஹோம்’ என்று இன்று விற்கப்படும் எல்லாவற்றின் உயிரும் இந்தப் பெட்டிக்குள் அடக்கம். அளப்பது, அளந்ததை வைத்து முடிவெடுப்பது, முடிவைச் செய்து முடிப்பது. பிறகு மறுபடி அளப்பது. இந்தச் சுற்றைப் புரிந்துகொண்ட வீட்டுக்காரரால் எந்தக் கடைக்காரரிடமும் சரியான கேள்வியைக் கேட்க முடியும்.

தொட்டிக்குள் இரண்டு அளவுகள்

மொட்டைமாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்க வேண்டும், குறைந்ததும் ஓட வேண்டும். தொட்டிக்குள் தண்ணீர் தொட்டால் சுற்று முழுமையாகும்படி ஒரு கம்பியைத் தொங்கவிட்டால் போதாதா? போதாது. விளிம்பில் ஒரே ஒரு கம்பி இருந்தால், தண்ணீர் அதைத் தொட்டதும் மோட்டார் நிற்கும். யாரோ ஒரு குழாயைத் திறந்து ஒரு சொம்பு பிடித்ததும் கம்பி காற்றில் தொங்கும், மோட்டார் மறுபடி ஓடும். கிளம்பும் ஒவ்வொரு முறையும் மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒரு நொடி இழுக்கிறது. அடிக்கடி கிளம்பினால் அதன் ஆயுள் குறையும்.

அதனால் மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. கீழ்க்கம்பி காய்ந்தால் மட்டும் ஓடு, மேல்கம்பி நனைந்தால் மட்டும் நில், இடையில் இருக்கும்போது முன்பு என்ன செய்தாயோ அதையே செய். ஏசியும் ஃப்ரிட்ஜும் அயர்ன் பாக்ஸும் நொடிக்கு ஒருமுறை துடிக்காமல் இருப்பதற்கு இதே இடைவெளிதான் காரணம். தானியங்கிக் கருவி நிதானமாக நடந்துகொள்ள, எப்போது சும்மா இருக்க வேண்டும் என்பதும் அதற்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் இந்தக் கம்பிகள் மேல் நாளடைவில் வெள்ளைப் படிவு ஏறும். படிவு தடித்தால் தண்ணீர் தொட்டும் கம்பிக்குத் தெரியாது. மிதவை சுவிட்சில் இந்தத் தொல்லை குறைவு. எதை மாட்டினாலும், தொட்டி கழுவும்போது அதையும் துடைத்துவைப்பது நல்லது.

முட்டையில் தொடங்கிய கதை

கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன நாமக்கல்லுக்கும் இந்தக் கலைக்கும் ஓர் அழகான உறவு உண்டு. நெதர்லாந்தில் 1572இல் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த கொர்னேலிஸ் டிரெபெல் என்பவர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடைகாக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார். பெட்டிக்குள் இருந்த கண்ணாடிக் கலத்தில் சாராயம். அதை ஒட்டிப் பாதரசம். சூடு ஏறினால் சாராயம் விரிந்து பாதரசத்தைத் தள்ளும், பாதரசம் ஒரு கோலை உயர்த்தும், கோல் அடுப்பின் காற்றுவழியை மூடும், தீ தணியும். சூடு குறைந்தால் எல்லாம் எதிர்த்திசையில் நடக்கும். ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமல் வெப்பத்தை ஒரே நிலையில் வைத்திருந்த முதல் கருவிகளில் அது ஒன்று. வெப்பநிலையைத் தானே பார்த்துக்கொள்ளும் கருவிகளின் தொடக்கக் கதையில் முட்டைக்கும் ஓர் இடம் உண்டு.

குஞ்சு பொரிப்பகங்களில் இன்றும் அதே வேலை நடக்கிறது. சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம், அளவான ஈரப்பதம், முதல் 18 நாளும் முட்டைகளைத் திருப்பிக்கொண்டே இருப்பது, 21ஆம் நாள் குஞ்சு. வளர்ந்த கோழிக்கும் வெப்பம் பெரிய விஷயம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வெயிலில் வாயைத் திறந்து மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றும். அப்படி இரைக்கும்போது ரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது. முட்டை ஓடு சுண்ணாம்பால் ஆனது. அது உருவாக அந்த வாயு தேவை. அதனால்தான் சித்திரை வெயிலில் ஓடு மெலிகிறது.

நான்கு பக்கமும் மூடிய நவீனப் பண்ணைக் கொட்டகைகளில் இதற்காகவே வெப்ப உணரிகள் தொங்குகின்றன. கொஞ்சம் சூடானால் சில விசிறிகள், இன்னும் ஏறினால் எல்லா விசிறிகளும், அதற்கும் மேலே போனால் எதிர்ச்சுவரில் உள்ள அட்டைத் திரைகளில் தண்ணீர் வழியும். வறண்ட காற்று அந்த ஈரத்தின் வழியாக உள்ளே வரும்போது குளிர்ந்துவிடும்.

இந்தக் கொட்டகையில் வீட்டுக்காரர் கற்க வேண்டியது ஒன்று இருக்கிறது. மின்சாரம் நின்றால் மூடிய கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கான கோழிகள் சில நிமிடங்களிலேயே ஆபத்தில் சிக்கும். ஆகவே ஜெனரேட்டரையும் அபாயமணியையும் முடிவு செய்யாமல் யாரும் விசிறியை மாட்டுவதில்லை. இயங்கும்போது எப்படி என்பதற்கு முன், நின்றால் எப்படி என்று யோசிக்கிறார்கள்.

வீட்டுக்குள் வரும்போது

நின்றால் எப்படி என்ற கேள்வியை ஸ்மார்ட் சுவிட்சிடமும் கேட்க வேண்டும். பல கருவிகளில் முடிவு நம் வீட்டில் எடுக்கப்படுவதில்லை. ‘ஹால் லைட்டைப் போடு’ என்று சொன்னால், அந்தக் கட்டளை இணையம் வழியே எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பிவந்து பத்தடி தள்ளியிருக்கும் விளக்கை எரியவைக்கிறது. நெட் போனால் அந்தப் பயணம் நின்றுவிடும். வீட்டு வலைக்குள்ளேயே பேசிக்கொள்ளும் கருவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பல நிறுவனக் கருவிகளும் இப்படி உள்ளேயே பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ‘மேட்டர்’ என்ற பொது விதிமுறை 2022 அக்டோபரில் வெளிவந்தது. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்கலாம்.

அடுத்து ஒயரிங். சாதாரண சுவிட்ச் வெறும் உலோகத் தட்டு. ஸ்மார்ட் சுவிட்சுக்குள் ஒரு குட்டிக் கணினி விழித்தே இருக்கிறது. அதற்கு ஃபேஸோடு பெரும்பாலும் நியூட்ரலும் வேண்டும். பிளக் பாயிண்ட் உள்ள போர்டில் நியூட்ரல் இருக்கும். விளக்குக்கு மட்டுமான பழைய போர்டுகளில் இருக்காது. புதுவீடு கட்டுகிறவர்கள் பூச்சுவேலைக்கு முன்பே எல்லா போர்டுக்கும் நியூட்ரல் இழுக்கச் சொல்லிவிட்டால் பின்னால் சுவரை உடைக்க வேண்டாம். மோட்டாரை நேரடியாகச் சின்ன ரிலேயில் இணைக்கக் கூடாது. கிளம்பும் நொடியின் மின்னோட்டத்தில் அதன் முனைகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு அணைக்கவே முடியாது. இடையில் பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் கான்டாக்டர் என்ற சுவிட்ச் வேண்டும்.

ஆள் நடமாட்டம் அறியும் விளக்குகளும் நம் ஊர் வெயிலுக்கு ஒரு வேடிக்கை காட்டும். அவற்றின் உணரி மனித உடலின் வெப்பக் கதிர்களைப் பார்க்கிறது. ஆனால் கதிர்களில் ஏற்படும் மாற்றத்தைத்தான் பார்க்கிறது. அசையாமல் உட்கார்ந்து படிப்பவர் அதன் கண்ணுக்கு இல்லாதவர். சேலத்துக் கோடையில் சுவரே உடலின் சூட்டை நெருங்கிவிட்டால், நடப்பவரைக்கூட அது தவறவிடலாம். மூச்சின் அசைவைக்கூட உணரும் ரேடார் வகை உணரிகள் இப்போது கிடைக்கின்றன.

கேமராவுக்கோ கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகெங்கும் கைப்பற்றி, பெரிய இணையதளங்களையே முடக்கியது. மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றுவது கதவுக்குப் பூட்டுப் போடுவதற்குச் சமம்.

மின்கட்டணக் கணக்கு

மின்சாரம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் பலவும் விற்கப்படுகின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். விழித்திருக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்று 1 வாட் எடுப்பதாக வைத்துக்கொண்டால், 20 சுவிட்சுகள் 60 நாளில் 28.8 யூனிட் எடுக்கும். விளக்கு எரியாவிட்டாலும் இது ஓடும். இன்னொரு பக்கம், 75 வாட் பழைய மின்விசிறிக்குப் பதிலாக 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி மாட்டி நாளுக்கு 10 மணி நேரம் ஓட்டினால், அதே 60 நாளில் 27 யூனிட் மிச்சம். அந்த ஒரு விசிறியில் கிடைத்த மிச்சத்தை 20 சுவிட்சுகள் தின்றுவிடும். எல்லா அறையிலும் எல்லாவற்றையும் தானியங்கியாக்குவது சிக்கனம் ஆகாது.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் தண்ணீர்த் தொட்டிக்கும் மோட்டாருக்கும் பாதுகாப்பு. நம் மண்ணில் அதைவிடப் பயன்தரும் தானியங்கி இல்லை. அடுத்து, நேரம் வைத்து அணையும் கீசர், இரவில் எழும் பெரியவர்களுக்காகக் கழிவறை வழியில் தானாக எரியும் விளக்கு. மற்றவை ஆசைக்கும் வசதிக்கும் ஏற்றபடி.

எதை வாங்குவதற்கு முன்னும் மூன்று கேள்விகள்: இது எதை அளக்கிறது? முடிவை எங்கே எடுக்கிறது? கரண்டும் நெட்டும் போனால் என்ன செய்யும்? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தாலும் கூடவே ஒன்றைப் பாருங்கள். செல்போன் பழகாத அம்மாயி சுவருக்குக் கையை நீட்டினால் அங்கே ஒரு சாதாரண சுவிட்ச் இருக்க வேண்டும், அது எந்நேரமும் வேலை செய்ய வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லோராலும் இயக்க முடிந்தால்தான் அது நல்ல ஏற்பாடு.